பின்னாலிருந்து போட்ட கணக்கு

விடுமுறைக்கு மதுரையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. வந்ததும் அகஸ்தியர் அருவிக்குக் கூட்டிப் போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ பையிலிருந்து ஒரு கணக்குத் தேர்வுத் தாளை எடுத்து என் மடியில் போட்டாள். "தாத்தா, நீங்க கணக்கு சார்தான? இந்த விடை சரியா தப்பா, சொல்லுங்க" என்றாள்.

கணக்கு இதுதான். ஒரு பழக்காரர் முதல் வீட்டில் தன்னிடம் இருந்த மாம்பழங்களில் பாதியையும் கூட ஒரு பழத்தையும் விற்றார். மிச்சமிருந்ததில் பாதியையும் கூட ஒரு பழத்தையும் இரண்டாவது வீட்டில் விற்றார். மூன்றாவது வீட்டிலும் அப்படியே. கடைசியில் கூடையில் ஒரே ஒரு பழம் இருந்தது. முதலில் எத்தனை பழம் கொண்டுவந்தார்?

பேத்தி எழுதியிருந்தது நாலே எண்கள்: 1, 4, 10, 22. அதன் கீழே விடை 22.

விடை சரிதான். நீங்களும் போட்டுப் பாருங்கள். 22-இல் பாதி 11, கூட ஒன்று 12, மிச்சம் 10. அதில் பாதி 5, கூட ஒன்று 6, மிச்சம் 4. அதில் பாதி 2, கூட ஒன்று 3, மிச்சம் 1. ஆனால் தாளில் சிவப்பு மையில் 'x எங்கே? வழிமுறை?' என்று எழுதி, ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டிருந்தது.

"எப்படிம்மா போட்ட?" என்று கேட்டேன். "கடைசில ஒண்ணு இருக்குல்ல தாத்தா. கூடக் கொடுத்த ஒண்ணைத் திருப்பி வாங்கினா ரெண்டு. அது பாதிதான், அப்ப முழுசு நாலு. நாலோட ஒண்ணு சேத்தா அஞ்சு, முழுசு பத்து. பத்தோட ஒண்ணு பதினொண்ணு, முழுசு இருபத்திரெண்டு" என்று மூச்சு விடாமல் சொன்னாள். இதைவிடத் தெளிவான வழிமுறையை யாரும் எழுதிவிட முடியாது. அதை அவள் தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு மையைப் பார்த்து எனக்கு அவள் ஆசிரியர் மேல் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதே வார்த்தைகளை என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் என் கருத்தைச் சொல்ல வேண்டும்.

1988 என்று நினைவு. நான் அப்போது எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் ஒரு வாக்கியக் கணக்கு கொடுத்தேன். ஒருவர் கையிலிருந்த பணத்தில் பாதியை அரிசிக்குக் கொடுத்தார். மீதியில் மூன்றில் ஒரு பங்கை மருந்துக்குக் கொடுத்தார். பத்து ரூபாய் பஸ்ஸுக்குப் போயிற்று. வீடு வந்து சேர்ந்தபோது முப்பது ரூபாய் இருந்தது. முதலில் எவ்வளவு வைத்திருந்தார்?

வகுப்பில் பாதிப் பேர் இதைத் தொடவே இல்லை. தொட்டவர்களில் பாதிப் பேர் பின்னத்தில் சறுக்கி விழுந்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் 30, 40, 60, 120 என்று எழுதி 120-க்கு அடியில் கோடு போட்டிருந்தான். மற்றக் கணக்குகளில் எல்லாம் சுமார்தான். இவனுக்கு மட்டும் எப்படி வந்தது? பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருப்பான் என்று முடிவு கட்டினேன். பக்கத்துப் பையன் அந்தக் கணக்கைப் போடவே இல்லை என்பதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தாளை எல்லோருக்கும் காட்டி, "விடை மட்டும் வானத்துலேருந்து விழுந்துச்சாக்கும்" என்று சொல்லி அவனை பெஞ்சு மேல் ஏற்றினேன். வகுப்பு சிரித்தது. அவன் ஒன்றும் பேசவில்லை.

அவன் போட்டிருந்தது இவ்வளவுதான். கையில் 30. பஸ்ஸுக்குக் கொடுத்த 10-ஐச் சேர்த்தால் 40. மருந்துக்கு மூன்றில் ஒரு பங்கு போனபின் இருந்தது 40, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பங்கு 20, மூன்று பங்கும் 60. அரிசிக்குப் பாதி போனபின் இருந்தது 60; முழுசு 120. ஒரு இடத்திலும் பிசகில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடையிலிருந்து கேள்விக்குப் பின்னோக்கி நடந்து போகும் இந்த முறை குறுக்கு வழி அல்ல, ஏமாற்று வேலையும் அல்ல. பள்ளியில் x வருவதற்கு முன்னாலேயே இதை முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். நாற்பது வருஷம் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில், இது யாரோ வால் பையன் கண்டுபிடித்தது இல்லை. கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபடீயத்தில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. பின்னோக்கிப் போகும்போது பெருக்கியது வகுப்பதாகும், வகுத்தது பெருக்குவதாகும், கூட்டியது கழிப்பதாகும், கழித்தது கூட்டுவதாகும் என்பது அதன் சாரம். பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியிலும் இந்த முறை தனியாகச் சொல்லப்படுகிறது. விலோமம் என்பது அதன் பெயர். காலையில் மூச்சுப் பயிற்சி செய்பவர்களுக்கு 'அனுலோம விலோம' என்ற சொல் பழக்கமாகியிருக்கும். அதே விலோமம்தான், எதிர்த்திசையில் போவது என்று பொருள்.

லீலாவதியில் இதற்கென்று ஒரு பிரசித்தமான கணக்கு இருக்கிறது. என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு எண்ணை மூன்றால் பெருக்கு. வந்ததோடு அதில் முக்கால் பங்கைக் கூட்டு. ஏழால் வகு. வந்ததில் மூன்றில் ஒரு பங்கைக் கழி. மிச்சத்தை அதனாலேயே பெருக்கு. 52-ஐக் கழி. வர்க்கமூலம் எடு. எட்டைக் கூட்டு. பத்தால் வகு. இரண்டு வருகிறது. அந்த எண் எது?

கேட்டாலே தலை சுற்றுகிறதல்லவா? இதை x வைத்து ஆரம்பித்தால் ஒரு பக்கம் ஓடும். பின்னாலிருந்து போங்கள். கடைசியில் 2. பத்தால் வகுத்ததற்குப் பதிலாகப் பத்தால் பெருக்கினால் 20. எட்டைக் கழித்தால் 12. வர்க்கமூலத்துக்கு எதிர் வர்க்கம், 144. 52-ஐக் கூட்டினால் 196. அதன் வர்க்கமூலம் 14. மூன்றில் ஒரு பங்கு கழித்தபின் இருப்பது 14 என்றால் அது மூன்றில் இரண்டு பங்கு, முழுசு 21. ஏழால் பெருக்கினால் 147. முக்கால் பங்கு கூட்டியபின் 147 என்றால் அது ஏழு கால். ஒரு கால் 21, நாலு கால் 84. மூன்றால் வகுத்தால் 28. விடை 28.

ஒன்பது படி ஏறிய கணக்கை ஒன்பது படி இறங்கி முடித்துவிட்டோம். காகிதம்கூடத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு பொறி வைத்திருக்கிறார் பாஸ்கரர். மூன்றில் ஒரு பங்கு கழித்ததற்கு எதிர், மூன்றில் ஒரு பங்கு கூட்டுவது என்று நினைத்தால் கணக்கு கெட்டது. 21-இல் மூன்றில் ஒன்று 7, மிச்சம் 14. இந்த 14-லிருந்து 21-க்குத் திரும்ப, 14-இல் பாதியைக் கூட்ட வேண்டும். கழித்தது பெரிய எண்ணின் பங்கு. கூட்டுவது சின்ன எண்ணின் பங்கு. முக்கால் பங்கு கூட்டிய இடத்திலும் இதே பொறிதான். பின்னோக்கிப் போகிறவன் ஒவ்வொரு படியிலும் 'இது எதன் பங்கு?' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

இது பள்ளிக்கூடச் சமாசாரம் மட்டுமில்லை. நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 30,000 ரூபாய் வருகிறது என்றால் அடிப்படை எவ்வளவு? 'பாதி அகவிலைப்படி, அப்ப பதினைந்தாயிரம்' என்று சட்டென்று சொல்கிறவர்கள் உண்டு. சரியான விடை 20,000. பாதி கூட்டியதைத் திரும்ப எடுக்க மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். லீலாவதியின் அதே படி, தலைகீழாக.

கடை பில்லைப் பாருங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய். வரி இல்லாமல் விலை எவ்வளவு? 1,180-இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசு வரும். அது தப்பு. உண்மையான விலை 1,000. தண்டல்காரர் ஆயிரம் ரூபாய்க் கடனில் நூறு ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 900 கையில் கொடுத்து, பிறகு ஆயிரம் வசூலிக்கிறார். 'பத்து சதவீதம்தானே' என்பார். உங்கள் கைக்கு வந்தது 900-தான். அந்த 900-க்கு 100 வட்டி. பதினொன்றுக்கு மேலே போகிறது. பின்னாலிருந்து கணக்குப் பார்க்கத் தெரிந்தவரிடம் இந்தப் பேச்சு செல்லாது.

நேரக் கணக்கும் அப்படித்தான். திருநெல்வேலியில் காலை எட்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். டோக்கன் வாங்க அரை மணி, பஸ் பயணம் ஒன்றரை மணி, பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கால் மணி, குளித்துக் கிளம்ப முக்கால் மணி. எட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து ஐந்து மணிக்கு அலாரம் வைக்கிறோம். ஷிப்டுக்கு மில் சங்கு ஊதும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி உலை வைத்த அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள்.

பேத்திக்கு இதை நம் ஆற்றைக் காட்டியே சொல்லிக்கொடுத்தேன். கோயிலுக்குக் கோயில் பூ இரட்டிக்கும் பழைய பூக்கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நவகைலாயத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு பக்தர் கொஞ்சம் பூவோடு நம் பாபநாசத்தில் தொடங்குகிறார். தாமிரபரணியில் நனைத்ததும் பூ இரண்டு மடங்காகிறது. அதில் 512 பூவைச் சுவாமிக்குச் சாத்துகிறார். மிச்சத்தோடு சேரன்மகாதேவி, அங்கும் நனைத்தால் இரட்டிப்பு, 512 சாத்துகிறார். பிறகு கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, கடைசியாகச் சேர்ந்தபூமங்கலம். ஒன்பதாவது கோயிலில் 512 சாத்தியதும் கையில் ஒரு பூ இல்லை. பாபநாசத்துக்கு எத்தனை பூ கொண்டுவந்தார்?

பாபநாசத்திலிருந்து ஆற்றோடு போனால் குழப்பம்தான். சேர்ந்தபூமங்கலத்திலிருந்து எதிர்த்து ஏறி வாருங்கள். அங்கே சாத்தியது 512, நனைக்கும் முன் 256. ராஜபதியில் சாத்திய 512-ஐச் சேர்த்தால் 768, பாதி 384. தென்திருப்பேரையில் 448, ஸ்ரீவைகுண்டத்தில் 480, முறப்பநாட்டில் 496, குன்னத்தூரில் 504, கோடகநல்லூரில் 508, சேரன்மகாதேவியில் 510, பாபநாசத்தில் 511. பேத்தி விரல் விட்டு ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாபநாசம் வந்ததும், "ஒண்ணு கூட இருந்தா 512 தாத்தா!" என்றாள். 'ஏன் அப்படி வருகிறது என்று யோசி' என்று விட்டுவிட்டேன். அவளுக்கு நவகைலாயமும் வரிசையாக மனப்பாடம் ஆகிவிட்டது, அது எனக்குக் கிடைத்த வட்டி.

வெளிநாட்டிலும் இதை மதித்திருக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜார்ஜ் போலியா என்ற கணித மேதை, கணக்கை எப்படி அணுகுவது என்பதற்கென்றே 1945-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் பின்னோக்கிப் போவதற்குத் தனி இடம் கொடுத்து, பழைய கிரேக்கக் கணித அறிஞர் பாப்பஸ் சொன்னதையும் எடுத்துக்காட்டுகிறார். அவர் தரும் உதாரணம் ஒன்றைப் படித்துறைக்குக் கொண்டுவருவோம். உங்களிடம் 9 படி பிடிக்கும் வாளி ஒன்று, 4 படி பிடிக்கும் வாளி ஒன்று. வேறு அளவு இல்லை. ஆற்றிலிருந்து சரியாக 6 படி தண்ணீர் எடுக்க வேண்டும்.

முன்னாலிருந்து ஆரம்பித்தால் ஊற்றுவதும் கொட்டுவதுமாகக் கை வலிக்கும். கடைசியிலிருந்து கேளுங்கள். 9 படி வாளியில் 6 எப்படி நிற்கும்? நிறைந்த வாளியிலிருந்து 3 படி வெளியேற வேண்டும். 3 படி மட்டும் எப்படி வெளியேறும்? சின்ன வாளியில் ஏற்கனவே 1 படி இருந்தால், அதில் இன்னும் 3-தான் பிடிக்கும். அந்த 1 படி எப்படி வரும்? 9-லிருந்து நாலை இரண்டு தடவை எடுத்தால் 1 மிச்சம். முடிந்தது. இனி முன்னோக்கிச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

இப்போது எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். நான் அந்தத் தரப்பில் நின்றவன், அதன் நியாயம் எனக்குத் தெரியும்.

முதலாவது, தாளில் வெறும் நாலு எண் இருந்தால் திருத்துகிறவர் என்ன செய்வார்? பையன் யோசித்தானா, பார்த்து எழுதினானா என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். அதற்கு மருந்து மதிப்பெண்ணை வெட்டுவது இல்லை, எழுதக் கற்றுக்கொடுப்பது. 'கடைசியில் இருந்தது 30. பஸ்ஸுக்கு முன் 30 + 10 = 40. மருந்துக்கு முன் 40-ஐ 2 ஆல் வகுத்து 3 ஆல் பெருக்க 60. அரிசிக்கு முன் 60 × 2 = 120.' நாலு வரி. கடைசியில் 120-ஐ வைத்து முன்னோக்கி ஒரு தடவை சரிபார்த்தல். இதைவிட நல்ல வழிமுறை வேறென்ன வேண்டும்? அந்தப் பையனைக் கூப்பிட்டு, 'எப்படிடா போட்ட?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவனே சொல்லியிருப்பான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இரண்டாவது, பின்னோக்கிப் போவது எல்லாக் கணக்குக்கும் ஆகாது. அப்பாவின் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு, பத்து வருஷம் கழித்து இரண்டு மடங்கு ஆகும், இப்போது வயது என்ன என்று கேட்டால், பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கக் கடைசி எண் ஒன்றுமே இல்லை. தெரியாதது இரண்டு இடத்தில் வருகிறது. அங்கே x வேண்டும். மகன் வயதை x என்று வைத்தால் இரண்டு வரியில் பத்து, முப்பது என்று வந்துவிடும். x மிகப் பெரிய ஆயுதம், அதை நான் குறை சொல்லவில்லை. கடைசி நிலைமை தெரிந்து, நடந்தது வரிசையாகத் தெரிந்து, ஆரம்பம் மட்டும் தெரியாவிட்டால் பின்னோக்கிப் போ. மற்றதற்கு x வை. எது எதற்கு என்று பிள்ளைக்குத் தெரிவதுதான் படிப்பு.

இதைவிட முக்கியமான ஒன்று எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. x வைத்து எழுதிய சமன்பாட்டை நாம் எப்படித் தீர்க்கிறோம்? 2x + 3 = 11 என்றால், 'கூட்டல் 3 அந்தப் பக்கம் போனால் கழித்தல் 3 ஆகும், பெருக்கல் 2 அந்தப் பக்கம் போனால் வகுத்தல் 2 ஆகும்' என்று சொல்லிக்கொடுத்தோம். ஏன் குறி மாறுகிறது என்று கேட்ட பிள்ளையை, 'அது அப்படித்தான், எழுது' என்று உட்கார வைத்தோம். அது ஆரியபட்டர் சொன்ன அதே விதி. ஒரு எண்ணை இரண்டால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் 11. திரும்பி வர, மூன்றைக் கழித்து இரண்டால் வகு. விடை 4. கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும், செருப்புக்கு மேல் சாக்ஸைக் கழற்ற முடியாது என்பதுபோல. பின்னோக்கிப் போகத் தெரிந்த பிள்ளைக்குச் சமன்பாடு பயம் தராது. தெரியாத பிள்ளைக்குக் குறி மாறுவது மாயமந்திரமாகவே கடைசிவரை இருக்கும். நாங்கள் வாசலை அடைத்துவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே வரச் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பையனின் கதையை முடிக்கவில்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருஷம் கழித்து மாடிக்குப் படி கட்டினேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு கொத்தனார் வந்தார். வந்தவர் முதலில் மேலே ஏறி, 'தளத்துக்கு மேல டைல்ஸ் எத்தனை கனம் போடப் போறீய?' என்று கேட்டார். பிறகு மேலிருந்து கீழே அளந்தார். பத்தடி, 120 அங்குலம். கீழேயிருந்து ஏழு ஏழு அங்குலமாக ஏற்றிக்கொண்டே போனால் பதினேழு படி முடிந்து ஒரு அங்குலம் மிச்சம் நிற்கும், அந்த ஒரு அங்குலத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள் என்றார். "கடைசிப் படி எங்க முடியணும்னு மொதல்ல தெரியணும் சார். அங்கேருந்து கீழ வந்தாத்தான் படி ஒண்ணுபோல வரும்."

நன்றாகக் கணக்குத் தெரிந்திருக்கிறதே என்று பாராட்டினேன். சிரித்துக்கொண்டே, "நீங்கதான சார் இதுக்கு என்னைய பெஞ்சு மேல ஏத்துனீய" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்தான் தொடர்ந்து சொன்னார். அவர் அம்மா பீடி சுற்றியவர், எழுதப் படிக்கத் தெரியாது. வாரக் கடைசியில் கையில் வந்த காசைக் கொண்டுவந்து மகனிடம் கொடுப்பார். மகன் அந்தக் காசோடு கழிவுக்குப் பிடித்தது, முன்பணத்துக்குப் பிடித்தது எல்லாவற்றையும் சேர்த்து, ஆயிரம் பீடிக்கான கூலியால் வகுப்பான். அம்மா சுற்றிய எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ இடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இரண்டு தடவை கண்டுபிடித்து, அம்மாவோடு போய் நின்று காசைத் திருப்பி வாங்கியிருக்கிறான். பன்னிரண்டு வயதில்! பரீட்சையில் என் கணக்கைப் பார்த்ததும், இது அம்மா கணக்குதானே என்று தோன்றியதாம்.

"பெறவு கணக்குன்னாலே ஒரு வெறுப்பு சார். பத்தோட நிப்பாட்டிட்டேன்" என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் காப்பி கொண்டுவரச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாத்தியார் என்கிற பழைய கௌரவம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

அவர் பத்தோடு நிறுத்தியதற்கு நான் மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் தற்பெருமைதான். வீட்டு நிலைமை உண்டு, வேறு எத்தனையோ உண்டு. ஆனால் அவர் பக்கத்துக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தால், வழியில் ஒரு படியாக அந்த பெஞ்சு வருகிறது. அதை என்னால் தாண்ட முடியவில்லை.

இதைப் படிக்கும் பலர் ஆசிரியர் வேலை பார்த்தவர்கள். உங்கள் மக்கள் மருமக்கள் இப்போது பார்க்கிறார்கள். அவர்களிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். விடை சரியாக இருந்து வழி தெரியாவிட்டால், பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பின்னோக்கிப் போட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்து, அடுத்த தடவை படிப்படியாக எழுதச் சொல்லுங்கள். x சொல்லிக்கொடுக்கும் முன் ஒரு வாரம் பின்னோக்கிப் போகும் கணக்குகளாகவே கொடுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். கடை பில்லையும் பஸ் நேரத்தையும் கொடுத்து, கடைசியிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது. அந்தக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். பேத்தியின் தாளை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டி, அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: ஒரு விவசாயி பிசான அறுவடையில் வந்த நெல்லில் கால் பங்கைக் கூலிக்குக் கொடுத்தார். மீதியில் பாதியை விற்றார். மீதியில் இரண்டு மூட்டையைக் கோயிலுக்குக் கொடுத்தார். வீட்டில் பத்து மூட்டை இருக்கிறது. மொத்தம் எத்தனை மூட்டை அறுத்தார்? கால் பங்கு வரும் இடத்தில் நிதானம். விடையைச் சொன்னதும், எப்படி வந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, முழுதும் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள்.